பயிற்சிக் கோப்பு

நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவன். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ரத்த வங்கியில் பதிவேடு பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கேட்கிறவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்வார். "ஒரே விஷயத்தை ஒன்பது தடவை கேட்டாலும் தம்பி முகம் சுளிக்காது." உங்கள் விசாரணைக்கு இது தேவையா என்று நீங்கள் யோசிக்கலாம். தேவைதான். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

அந்த மருத்துவமனையின் கணினிகளை நான் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். என் அறை கீழ்த்தளத்தில், சலவைக் கூடத்துக்கு அடுத்தது. சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அறைக்குள் குளிர்சாதனம் ஓயாமல் ஓடும். ரத்த வங்கி இரண்டாம் மாடியில். அக்கா அங்கே இருபத்தாறு வருடமாக இருந்தார். காகிதப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாறியபோதும் சமாளித்தார். ஆனால் போன வருடம் பழைய மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். புதியது வரும்வரை கோப்புகளைச் சர்வரில் நேரடியாகக் கட்டளை தட்டித்தான் கையாள வேண்டும் என்றார்கள். கறுப்புத் திரையில் சின்னதாகத் துடிக்கும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. ஐம்பத்தொரு வயது. வாரத்துக்கு இரண்டு மதியம் நான் மாடிக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு ஆயிற்று.

எங்கே நிற்கிறோம் என்று கேட்க pwd. அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ls. நகலெடுக்க cp. அழிக்க rm. அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நகலெடுக்கும்போது எதை என்பது முதலில், எங்கே என்பது அடுத்து. இந்த வரிசைதான் அவருக்குப் பிடிபடவே இல்லை. கட்டளை சரியாக முடிந்தால் திரை ஒரு வார்த்தையும் சொல்லாது என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"சரியா பண்ணினா பேசாது, தப்பா பண்ணினா மட்டும் வாயைத் திறக்கும். எங்க வீட்டுக்காரர் தோத்தார் போ" என்றார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம்.

பயிற்சிக்கென்று தனியாக ஒரு கோப்புறை போட்டுக் கொடுத்தேன். அசல் கோப்பின் நகல் ஒன்றை அதில் வைத்தேன். என்ன குளறுபடி செய்தாலும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அதில் நான் குறை காணவில்லை.

அந்த அசல் கோப்பு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்ட சிலருடைய உடலில், அந்த ரத்தத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாகிவிடும். அடுத்த முறை அதே வகை ரத்தம் ஏற்றினால், உடல் அதை உடைத்துப்போடும். சிறுநீரகம் நின்றுவிடும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சில எதிர்ப்பொருள்கள் கொஞ்ச நாளில் ரத்தத்தில் மங்கிவிடும். சோதனைக்கு அகப்படாது. பொருத்தம் பார்த்தாலும் எல்லாம் சரி என்றே காட்டும். இந்த ஆளுக்கு முன்பு இது இருந்தது என்று எங்காவது எழுதி வைத்திருந்தால்தான் தெரியும். அக்கா எழுதி வைத்தது அந்தக் கோப்பில்தான். இதையெல்லாம் எனக்குச் சொன்னவரும் அவரே. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

மூன்று மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா, "பயிற்சிக் கோப்பு பழசாயிடுச்சு தம்பி, புதுசா ஒண்ணு போட்டுக் குடு" என்று காலையிலேயே சொல்லியிருந்தார். மதியம் மாடிக்குப் போனேன். அவர் இருக்கையில் இல்லை. கண்ணாடி மட்டும் விசைப்பலகை மேல் கிடந்தது. திரை அவர் பெயரில் திறந்தே இருந்தது. இரண்டு நிமிட வேலை, முடித்துவிடலாம், அவர் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அசலைப் பயிற்சிக்கு நகலெடுக்க வேண்டும். பயிற்சியை அசலுக்கு நகலெடுத்துவிட்டேன்.

அக்காவிடம் நூறு முறை திருத்திய அதே தப்பு. என் கை செய்தது. திரை பேசவில்லை. கோப்பின் அளவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மூன்று மாதப் பதிவு, நாற்பத்தொரு பேர், ஒரு நொடியில் போய்விட்டார்கள்.

அக்கா திரும்பும் முன்பே எழுந்து கீழே வந்துவிட்டேன். ஓடி ஒளிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினசரிக் காப்பு நகலிலிருந்து மீட்டுவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றுதான் வந்தேன். காப்பு வட்டு நிரம்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐந்து மாதமாக ஒரு நகலும் எடுக்கப்படவில்லை. அதைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கையெழுத்து மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை புதுப் பதிவு ஒன்றை எழுதக் கோப்பைத் திறந்த அக்கா, அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். ரத்த வங்கியின் தலைமை மருத்துவர் பின்னால் நிற்க, அக்காவின் பெயரில் பதிவான கட்டளைகளைத் திரையில் வரிசையாகக் கொண்டுவந்தேன். முந்தைய நாள் அவர் பயிற்சி செய்த முப்பது நாற்பது வரிகளுக்கு நடுவே என் வரியும் இருந்தது. நான் எதையும் மாற்றவில்லை, சேர்க்கவில்லை. இருந்ததைக் காட்டினேன்.

"இது நானா?" என்றார் அக்கா. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மாத்திப் போட்டிருக்கலாம் அக்கா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

"போட்டிருக்கலாம்" என்றுதான் சொன்னேன். "போட்டீங்க" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் உடனே ஒப்புக்கொண்டார். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக. அதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. அந்தச் செவ்வாய் மதியம் வெளியூரிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள். சத்தம் கேட்காத இடம் தேடி அக்கா படிக்கட்டு ஜன்னலுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது கால் தரையில் பாவவில்லையாம். "அந்த சந்தோஷத்துல கை மாறிப்போச்சு தம்பி. ஒரு நல்ல சேதியைக்கூடத் தாங்கத் தெரியாத ஜென்மம் நான்" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி தானாக எழுந்து நடந்து போய் அக்காவின் மடியில் உட்கார்ந்துகொண்டது. நான் தள்ளிவிடவில்லை. இறக்கிவிடவும் இல்லை.

அக்காவைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். சோதனை இயந்திரத்தின் நினைவிலிருந்து இருபத்தொன்பது பேரின் விவரத்தை மீட்டார்கள். பன்னிரண்டு பேர் கிடைக்கவில்லை. வேறு நகல் எங்கும் இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எழுதிய அன்று அது உண்மை. எனக்குத் தெரிந்தவரை உண்மை. காப்பு நகல் ஏன் இல்லை என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பதினோரு நாள் கழித்து என் சொந்தக் கோப்புறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு நகல் கிடைத்தது. ஏதோ சோதித்துப் பார்க்க நானே எடுத்து மறந்துபோனது. அந்தச் செவ்வாய்க்கு நான்கு நாள் முந்தையது. விட்டுப்போன பன்னிரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

அன்றே கொடுத்திருக்க வேண்டும் என்பீர்கள். நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் நோயாளிகளின் விவரத்தை ஊழியர் தன் கோப்புறையில் வைக்கக் கூடாது என்பது விதி. ஏன் வைத்தாய் என்பார்கள். காப்பு நகல் என்ன ஆயிற்று என்று அடுத்த கேள்வி வரும். ஒரு நூலை இழுத்தால் துணி முழுக்கப் பிரிந்துவிடும். எனக்கு இரண்டு பிள்ளைகள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற காரியம் இல்லை இது. யாருக்கும் சந்தேகம் வராமல் அந்தப் பன்னிரண்டு பெயரையும் உள்ளே சேர்க்க நல்ல வழி ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் யோசித்தேன்.

எட்டாவது நாள் மதியம் ஆய்வகத்திலிருந்து பரிசோதகர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அறுவை சிகிச்சைக்காகத் தபால்காரப் பெண் ஒருவர் சேர்ந்திருக்கிறார். முப்பத்தாறு வயது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொண்டதாகவும், அப்போது யாரோ ஏதோ குறையைச் சொன்னதாகவும் சொல்கிறார். என்ன என்று அவருக்கு ஞாபகமில்லை. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. "உங்க பக்கம் ஏதாவது மிச்சம் இருக்குமா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ரத்தம் ஏற்றினார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான்கு நாள் தேறி வந்தவருக்கு ஐந்தாம் நாள் கண் மஞ்சளானது. சிறுநீர் கறுத்தது. ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

அதன்பிறகு அக்காவை வேலையை விட்டே நீக்கினார்கள். செய்தித்தாளில் பெயர் போடாமல் 'ஊழியரின் அலட்சியம்' என்று வந்தது. பெயர் போடாவிட்டால் என்ன, தெருவுக்கே தெரியும். இறந்த பெண்ணின் கணவர் ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனார். சத்தம் போடவில்லையாம். வாசலில் நின்றபடியே, "என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எம் பொண்ணு கேக்கிறா, எனக்குச் சொல்லத் தெரியலை" என்றாராம். அக்கா அவருடைய காலில் விழுந்திருக்கிறார். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அக்காதான். சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒழுகிய குழாயை மாற்றிக் கொடுத்தேன். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். "கூடப்பிறந்தவங்ககூட இவ்வளவு பண்ண மாட்டாங்க" என்று என் மனைவி பெருமையாகச் சொல்வாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றுவேன். ஆனாலும் சனிக்கிழமை வந்தால் மறுபடியும் போவேன். போகாமல் இருக்க முடியவில்லை.

முதல் சனிக்கிழமையே அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். "எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்ல அதே கறுப்புத் திரையைப் போட்டுத் தர முடியுமா தம்பி?"

"எதுக்கு அக்கா இப்ப?"

"எப்படிப் பண்ணினேன்னு பாக்கணும். என் கை அந்த இடத்துல எப்படித் திரும்புச்சுன்னு எனக்கே தெரியணும்."

போட்டுக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் அதை வைத்துக்கொண்டார். அசல் என்று ஒரு கோப்புறை, பயிற்சி என்று ஒரு கோப்புறை. தினமும் காலையில் உட்கார்ந்து நகலெடுப்பார், அழிப்பார், மறுபடி நகலெடுப்பார். நூறு முறை செய்தால் ஒருமுறையாவது கை தவறுமா என்று பார்க்கிறாராம். தவறினால் நோட்டில் ஒரு கோடு போடுவார். முதல் வாரம் ஏழு கோடு. பிறகு மூன்று. பிறகு கோடே இல்லை. சனிக்கிழமைகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவேன். "இங்கதான் அக்கா, இந்த இடத்துலதான் நீங்க மாத்தியிருப்பீங்க" என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். செய்யாத தப்பை எப்படிச் செய்தார் என்று அவருக்கு நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் அழைத்தால் அக்கா எடுப்பதில்லை. "அந்த சேதியைக் கேட்டதாலதான் ஒருத்தி செத்தா. எந்த முகத்தோட நான் குழந்தையைப் பத்திப் பேச?" என்றார். அப்போதுகூட நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. தண்ணீர் குடித்தேன், போய்விட்டது.

ls கட்டளையோடு l என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் விரிவாகக் காட்டும். யாருடையது, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது. இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் நான் அக்காவுக்குச் சொல்லித்தரவில்லை. "இது என்ன நம்பர்?" என்று ஒருநாள் கேட்டார். "அது மெஷினோட கணக்கு அக்கா, நமக்கு வேண்டாம்" என்றேன். மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை.

அக்கா நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தது எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை நான் போனபோது கணினி மூடியிருந்தது. மேசைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, அவருக்குக் கொடுத்த விசாரணை அறிக்கையின் பதினோராம் பக்கம். சம்பவத்துக்கு மறுநாள் காலை நான் எடுத்துக் கொடுத்த கோப்புப் பட்டியல், கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தோடு, அதில் இருந்தது. எத்தனையோ பேர் கையெழுத்திட்ட பக்கம், ஒருவரும் படிக்காத பக்கம். ஒப்புக்கொண்டவரிடம் யார் மணி கேட்பார்கள்? இன்னொன்று, அவருடைய கைபேசி அழைப்புகளின் பட்டியல்.

"பதினஞ்சு பன்னெண்டுன்னு போட்டிருக்கு தம்பி. அப்படின்னா மூணு மணி பன்னெண்டு நிமிஷம், இல்லையா?"

"ஆமா அக்கா."

"எம் பொண்ணு கூப்பிட்டது மூணு ஏழுக்கு. வச்சது மூணு இருபதுக்கு. நான் படிக்கட்டுல இருந்திருக்கேன்." விரலால் அந்த வரியைத் தொட்டுக்கொண்டே இருந்தார். "நான் இங்க இல்லவே இல்லை தம்பி. அப்ப யாரு?"

அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிட மாட்டேனா என்ற ஓர் ஆசை அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தது, கை மாறியது, காப்பு வட்டு, எல்லாம்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருடம் பதிவேடு பார்த்தவர் அல்லவா? நேராக அங்கே வந்தார்.

"வேற நகல் எங்கயுமே இல்லையா?"

"ஒண்ணு இருந்துச்சு அக்கா."

"அந்தப் பொண்ணு சேரும்போது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்ப?"

"அழிச்சிட்டேன். பயத்துல, என்ன பண்றோம்னு தெரியாம அழிச்சிட்டேன்."

"நீ போ தம்பி" என்றார். அவ்வளவுதான். நான் செருப்பு மாட்டும்போது உள்ளே கைபேசியில் பேசத் தொடங்கியிருந்தார். மகளிடம்தான். குரல் உடைந்து உடைந்து வந்தது. அதை நின்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்று இறங்கி வந்துவிட்டேன்.

நானாகவே மனம் திருந்தி உங்களிடம் வந்ததாக முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அடித்துவிடுங்கள். அந்த இரண்டு காகிதங்களையும் அக்கா திங்கட்கிழமை உங்களிடம் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். முந்திக்கொண்டேன்.

இன்னொன்றையும் அடித்துவிட வேண்டும். பயத்தில், தெரியாமல் அழித்தேன் என்று அக்காவிடம் சொன்னது. அது அப்படி நடக்கவில்லை.

பரிசோதகர் முதல்முறை கேட்டதும், "பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்தேன். நகலைத் திறந்து தபால்காரப் பெண்ணின் பெயரைத் தேடினேன். இருந்தது. கிட் என்ற ரத்த வகைக்கு எதிர்ப்பொருள் என்று அக்கா எழுதியிருந்தார். மங்கக்கூடியது, கவனம் என்றும் சேர்த்திருந்தார். இரண்டு முறை படித்தேன். பிறகு கோப்பை மூடி, அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். என் பெயரில் எதை அழித்தாலும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்படி நானே அமைத்து வைத்திருக்கிறேன். நிஜமாகவே அழிக்கவா என்று கேட்டது. பதில் போடவில்லை. குவளையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். பக்கத்துக் கூடத்தில் துணி அலசும் இயந்திரம் சுற்றி முடித்து நின்றது.

அப்போது தொலைபேசி மறுபடி மணியடித்தது. பரிசோதகர்தான். "அவசரம் ஒண்ணும் இல்ல சார். ரத்தம் இன்னும் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு, நாலு மணிக்குத்தான் எடுப்பாங்க. நீங்க நிதானமா தேடிப் பாருங்க."

மணி மூன்றே கால்கூட ஆகவில்லை. கேள்வி திரையில் நின்றுகொண்டிருந்தது. பெயர் கோப்பில் இருந்தது.

"நல்லா தேடிட்டேன், இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, ஆம் என்பதற்கான எழுத்தை அழுத்தினேன்.